கயிறில்லாமல் வாங்கிய பட்டாள வண்டி

காத்தவராயன் மரத்தின் உச்சியில் இருந்துகொண்டு சொல்கிற எதையும் ஆரணியில் ஒருவரும் நம்புவதில்லை. இறங்கி வந்து சொல்வதையும் பாதிப் பேர் நம்புவதில்லை. காரணம் இருக்கிறது. ஒரு நாள் விடியற்காலை, நெசவுக்காரத் தெருவில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நெய்யப்போகிற பட்டு நூலைப் பாவாக நீட்டி, இழை அறுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவன் பக்கத்துத் தென்னையில் மட்டை கழிக்க ஏறியிருந்தான். உச்சிக்குப் போனதும் நெற்றியில் கையை வைத்து மேற்கே பார்த்து, படவேட்டு மலைப் பக்கம் மழை கொட்டுகிறது, காற்றும் இந்தப் பக்கம்தான் அடிக்கிறது என்று கத்தினான். தெருவே ஓடியது. பாவைச் சுருட்டி அடித்துப்பிடித்து வீட்டுக்குள் போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தால், வானம் துலக்கிக் கவிழ்த்த சட்டி மாதிரி பளிச்சென்று இருந்தது.

அன்றைக்கு அவன் மத்தியானம் வரை இறங்கவில்லை. கீழே நாலைந்து பேர் கையில் விறகுக் கட்டையோடு காத்திருந்தால் யார்தான் இறங்குவார்கள்?

ஆனாலும் மரம் வெட்ட வேண்டுமென்றால் அவனைத்தான் கூப்பிட்டார்கள். வேறு ஆட்கள் இல்லாமல் இல்லை. ஆனால் இரண்டு தறிவீடுகளுக்கு நடுவே, ஒரு ஓடுகூட உடையாமல், பாய் விரித்த மாதிரி மரத்தைப் படுக்கவைக்க அவன் ஒருவனால்தான் முடியும். திட்டிக்கொண்டே கூப்பிடுவார்கள். அவனும் திட்டை வாங்கிக்கொண்டே போவான்.

படிப்பு மூன்றாம் வகுப்போடு முடிந்தது. அதற்கும் மரம்தான் காரணம். அவனை அடிப்பதற்கு அவனையே புளியங்குச்சி ஒடித்துவரச் சொன்னார் வாத்தியார். ஏறியவன் இறங்கவில்லை. கடைசி மணி அடித்து, வாத்தியார் சைக்கிளில் ஏறிப் போகும்வரை கிளையில் உட்கார்ந்து புளியம்பிஞ்சு தின்றான். மறுநாள் போனால் இரண்டு நாள் அடியும் சேர்ந்து விழும் என்று கணக்குப் போட்டான். பள்ளிக்கூடத்தில் அவன் சரியாகப் போட்ட கணக்கு அது ஒன்றுதான். அன்றிலிருந்து அப்பனோடு கோடாலி தூக்கிப் போனான். அவன் இருந்த காலனியில் நிலம் உள்ளவர்கள் யாரும் கிடையாது. அப்பன் அவனுக்கு விட்டுப்போன சொத்து ஒரு கோடாலி, ஒரு வடம், மரம் ஏறுகிற இரண்டு கால்.

சாய்ந்த மரத்தை அது சாய்ந்த பக்கமே விழவிட்டால் வீடு போய்விடும். எதிர்ப்பக்கம் விழவைக்க வேண்டும். அதற்காக உச்சியில் தேங்காய் நார் வடத்தைக் கட்டி, இவன் அடியில் வெட்ட வெட்ட, எதிர்ப்பக்கம் ஆட்கள் நின்று இழுப்பார்கள். எதிர்ப்பக்கம் என்றால், மரம் வந்து விழப்போகிற பக்கம். வயல்வெளியானால் எட்ட நின்று இழுக்கலாம். முன்னால் தறிவீடு, பின்னால் கிணறு என்று இருக்கிற கொல்லைகளில் எங்கே எட்டப் போவது? மரத்துக்குக் கீழேயே நின்று இழுத்துவிட்டு, அடிமரம் முறிகிற சத்தம் கேட்டதும் வடத்தைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். சீக்கிரம் விட்டால் மரம் திரும்பி வீட்டின்மேல் உட்காரும். தாமதித்தால் நம் தலைமேல் உட்காரும்.

அந்த வடத்தில் முதல் ஆள் அவன் பெண்டாட்டி முனியம்மா. கலசப்பாக்கத்துக்காரி. அவள் குரல் கொடுத்தால்தான் மற்றவர்கள் இழுப்பார்கள். அவ்வளவு பெரிய குரல். வடத்தைக் கடைசியாக விடுகிற ஆளும் அவள்தான். மற்றவர்கள் ஓடி நின்று திரும்பிப் பார்க்கும்போது அவள் இன்னும் இழுத்துக்கொண்டிருப்பாள். ஒரு வீட்டு ஓடும் உடையாததற்கு இவன் கோடாலி பாதிக் காரணம் என்றால், அவள் பிடிவாதம் மீதி.

சந்தவாசல் கிராமத்தில் ஒரு புளியமரம். அவள் வழக்கம்போலக் கடைசியாக விட்டாள். மரம் வழக்கத்தை மீறிக் கொஞ்சம் முன்னதாக வந்தது. கிளையின் நுனி அவள் கொண்டையை அவிழ்த்து, முந்தானையைக் கிழித்து, தரையோடு வைத்து அழுத்தியது. இன்னும் ஒரு முழம் இந்தப் பக்கம் என்றால் கொண்டையோடு போயிருக்காது. அவள் எழுந்து கிழிந்த துணியைப் பார்த்து, மரத்தின் சொந்தக்காரனிடம் புதுப்புடவை கேட்டுச் சண்டை போட்டாள்.  அன்றைக்குச் சோறு தின்னும்போது காத்தவராயன் வாயில் ஒரு கிண்டல் இல்லை. காய்ச்சலோ என்று அவள் புறங்கையை அவன் கழுத்தில் வைத்துப் பார்த்தாள்.

அதற்கு அடுத்த மாதம்தான் அவன் அந்த வண்டியைப் பார்த்தான்.

சேத்துப்பட்டு சாலையில் அரிசி மில் வைத்திருந்த மணவாளனுடைய வண்டி அது. பட்டாளத்தில் வேலை செய்து கிழமாகி, ஏலத்துக்கு வந்து, மணவாளன் கையில் மெட்ராஸிலிருந்து ஆரணிக்கு வந்து சேர்ந்தது. ஊரில் அதற்குப் பெயரே பட்டாள வண்டிதான். நாலு சக்கரமும் இழுக்கும். சேற்று வயலிலிருந்து நெல் மூட்டை ஏற்றிவரும், கல்யாணத்துக்குத் தண்ணீர்த் தொட்டி இழுக்கும், தேர்தல் வந்தால் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு கட்சி பேதமில்லாமல் எல்லோருக்கும் ஓட்டுக் கேட்கும். அதன் முன்மூக்கில் ஒரு இரும்பு உருளை. அதில் கட்டைவிரல் கனத்தில் இரும்புக் கயிறு. வின்ச் என்பார்கள். வண்டி நின்ற இடத்திலேயே நிற்க, உருளை சுற்றிச் சுற்றிக் கயிற்றை உள்ளே வாங்கும். கயிற்றின் மறுமுனையில் எது மாட்டியிருந்தாலும் வந்துதான் ஆக வேண்டும்.

ஆற்று மணலில் புதைந்த ஒரு லாரியை அது வெளியே எடுத்த அன்று காத்தவராயனும் கூட்டத்தில் நின்றான். எல்லோரும் லாரியைப் பார்த்தார்கள். இவன் கயிற்றைப் பார்த்தான். கயிற்றின் பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. வண்டியோட்டி குப்புராஜ், பழைய பட்டாளத்துக்காரர், வாயில் பீடியோடு உள்ளே உட்கார்ந்து ஒரு கம்பியைத் தள்ளினார். அவ்வளவுதான்.

மணவாளன் டிராக்டர் வாங்கப்போகிறார், பட்டாள வண்டியைத் தள்ளிவிடப் போகிறார் என்று காதில் விழுந்ததும் காத்தவராயன் வீட்டுக்கு வந்து, வெட்டிய மரம் ஏற்றுகிற எருதுகளையும் கட்டை வண்டியையும் கொடுத்துவிட்டு அதை வாங்கலாம் என்றான். முனியம்மா துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"நமக்கு இன்னாத்துக்குய்யா லாரி? செவலையும் மயிலையும் ஒன்ன இன்னா கேட்டுச்சு?"

"ஒசரமா குந்திகினு போலாம்மே. ஆரன் அடிச்சிகினு போலாம்."

"ஆரன் அடிக்கவா எருத விப்பாங்க? ஒனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?"

அவன் மெய்யான காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் சிரிப்பாள் என்று ஒரு பயம். சிரிக்காமல் அழுதுவிடுவாளோ என்று அதைவிடப் பெரிய பயம். அதனால் ஆரனையே பிடித்துக்கொண்டான். மூன்று நாள் வாயாலேயே ஆரன் அடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றினான். தாங்க முடியாமல் அவள், எக்கேடோ கெட்டுப் போ என்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

விலை பேசும்போதுதான் அவன் ரொம்பப் புத்திசாலித்தனம் ஒன்றைச் செய்தான். லாரி வாங்கி அவனுக்குப் பழக்கமில்லை. காகிதத்தில் எழுதினால் படிக்கத் தெரியாது. மாடு வாங்கத் தெரியும். செவ்வாய்க்கிழமை தோறும் கூடுகிற பொய்கைச் சந்தையில் அப்பன் காலத்திலிருந்து பழக்கம். மாட்டுச் சந்தையில் வாங்குகிறவனுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. உழைக்கிற மாடு என்று வாங்கியது அடுத்த சந்தைக்குள் நுகத்தடியில் படுத்துக்கொண்டால், விற்றவன் மறுபேச்சுப் பேசாமல் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். கிழட்டு வண்டிக்கு இதைவிட நல்ல காப்பு எங்கே கிடைக்கும்? எல்லாம் மாட்டு வழக்கப்படி நடக்கட்டும் என்று மணவாளனிடம் கேட்டான். மணவாளன் மில் ஆட்களைக் கூப்பிட்டு, அவர்கள் முன்னால் இன்னொரு தரம் சொல்லச் சொல்லிச் சிரித்தார். பிறகு, நடக்கட்டுமே என்றார்.

மாட்டுத் தரகர் சின்னப்பையன் வரவழைக்கப்பட்டார். அவர் தொழிலில் விளையாட்டுக் கிடையாது. வண்டியை மூன்று சுற்றுச் சுற்றி வந்தார். மூடியைத் திறக்கச் சொல்லி, பல் பார்க்கிற மாதிரி உள்ளே எட்டிப் பார்த்தார். டயரைக் குளம்பு மாதிரி தட்டினார். கொஞ்ச தூரம் நடத்திக் காட்டச் சொல்லி, பின்னங்கால் இழுக்கிறதா என்று குனிந்து கவனித்தார். பின்பக்கத் தகட்டில் இருந்த ஒரு பள்ளத்தில் விரலை வைத்து, இந்த இடத்தில் சுழி இருப்பது அவ்வளவு விசேஷமில்லை, விலையைக் கொஞ்சம் இறக்குங்கள் என்றார். அப்புறம் துண்டை விரித்து அதற்கடியில் இருவர் விரலையும் மாற்றி மாற்றிப் பிடித்தார். எருதுகளுக்கும் கட்டை வண்டிக்கும் மேலே என்ன விலை என்பது அந்தத் துண்டுக்கும் மூன்று பேருக்கும்தான் தெரியும். வெளியே தெரிந்ததெல்லாம் காத்தவராயனின் முகம் மட்டுமே. அது புளியங்காய் தின்ற மாதிரி சுருங்கிச் சுருங்கி விரிந்தது.

வெள்ளிக்கிழமை வண்டி கைமாறியது. குப்புராஜும் சீதனம் மாதிரி வண்டியோடு சேர்ந்து வந்துவிட்டார். டிராக்டரை மணவாளனின் மருமகன் ஓட்டுவதாக ஏற்பாடு. கற்பூரம் கொளுத்தி, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தார்கள். முனியம்மா வந்தாள், ஆனால் வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். காத்தவராயன் பொட்டு வைக்க முன்பக்கம் போனான். உருளை மொட்டையாக இருந்தது.

"முதலாளி, கயிறு எங்கங்க?"

"எந்தக் கயிறு?"

"இதுல சுத்திகினு இருந்துச்சிங்களே, இரும்புக் கயிறு."

மணவாளன் வெற்றிலையை நிதானமாக மடித்தார். "மாட்ட வித்தவன் கயித்தயும் சேத்தாடா குடுப்பான்? கயிறு வித்தவனுக்கு, மாடு வாங்குனவனுக்கு. மாட்டு வழக்கம் வேணும்னு நின்னது நீதானே?"

காத்தவராயன் தரகரைப் பார்த்தான். சின்னப்பையன் வானத்தைப் பார்த்தார். வழக்கம் அதுதான். விற்கிற மாட்டின் கயிற்றை அவிழ்த்து வீட்டிலேயே வைத்துக்கொள்ளாவிட்டால், தொழுவத்தின் ராசி மாட்டோடு போய்விடும். வாங்குகிறவன்தான் புதுக்கயிறு கொண்டுவர வேண்டும். இவனும் எத்தனையோ மாட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறான். மணவாளன் அந்த இரும்புக் கயிற்றை அன்று காலையிலேயே கழற்றி, தன் தோட்டத்தில் கிணறு தோண்டுகிற கிரேனில் மாட்டியிருந்தார். அந்த மாதிரி கயிறு புதிதாக வாங்க மெட்ராஸ் போக வேண்டும். போனாலும் இன்னொரு ஜோடி எருது வேண்டும்.

ஊருக்கு அடுத்த இரண்டு நாளும் கொண்டாட்டம். இவனிடம் ஏமாந்தவர்கள் எல்லாம் தெருவில் நின்று நலம் விசாரித்தார்கள். வண்டிக்குப் புல் போட்டாயா, தண்ணி காட்டினாயா என்று கேட்டார்கள். பாவு சுருட்டி ஓடிய தெருவில் தனகோடி என்ற நெசவுக்காரர், வண்டி சாணம் போட்டால் தனக்கு ஒரு கூடை வேண்டும் என்று சொல்லிவைத்தார். காத்தவராயன் சிரித்துக்கொண்டே போனான். கொடுத்துப் பழகியவன் வாங்கத்தானே வேண்டும்?

ஆனால் தனகோடி வீட்டில் ஒரு வேலை காத்துக்கொண்டிருந்தது. அது சிரிப்பு இல்லை. கொல்லையில் ஒரு பெரிய பூவரசு, தறிக் கொட்டகையின்மேல் சாய்ந்துகொண்டே வந்தது. ஒப்புக்கொண்டாகிவிட்டது. எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டும் என்றால் ஆட்கள் கிணற்றுக்கும் சுவருக்கும் நடுவில்தான் நிற்க முடியும். ஓடுவதற்கு இருப்பது ஒரு ஆள் போகிற சந்து. கடைசியாக விடுகிற ஆளுக்கு அந்தச் சந்தும் கிடையாது. வடத்தை வண்டியில் கட்டி வண்டியை ஓட்டிப் பார்க்கலாம் என்று வேறொரு மரத்தில் சோதித்தான். வண்டி ஒரு வெட்டு வெட்டி இழுத்ததும் நார் வடம் நூல் மாதிரி அறுந்தது. மரம் அசையவே இல்லை. நின்ற இடத்தில் நின்று, மெல்ல, விடாமல் இழுக்க வேண்டும். அதற்கு இரும்புக் கயிறுதான் வேண்டும்.

"வடம் முடிபோட்டாச்சு. செவ்வாக்கெழம தனகோடி வூட்டு மரத்த முடிச்சிடலாம். நான் நிக்கறேன்" என்றாள் முனியம்மா. வண்டி மூலையில் நிற்பதே அவள் கண்ணில் படவில்லை.

காத்தவராயன் நேராகத் தரகர் வீட்டுக்குப் போனான். பேசிய மாட்டு வழக்கம் எல்லாவற்றுக்கும் உண்டா, கயிற்றுக்கு மட்டும்தானா என்று கேட்டான். எல்லாவற்றுக்கும் உண்டு என்றார் சின்னப்பையன். அப்படியானால் மாடு படுத்துக்கொண்டால்? அடுத்த சந்தைக்குள் படுத்தால் அது மணவாளனுடைய மாடு, சந்தேகமே வேண்டாம் என்றார். எங்கே படுத்தாலும் சரியா என்று கேட்டான். மாடு இடம் பார்த்தா படுக்கும் என்று தரகர் எரிந்து விழுந்தார். காத்தவராயன் கும்பிட்டுவிட்டு வந்தான். அவன் நடையில் பழைய துள்ளல் திரும்பியிருந்தது.

அறுவடை முடிந்த சமயம். மில்லுக்கு விடியும் முன்பே வண்டிகள் வரும். தெள்ளாரிலிருந்துகூட நெல் வரும். மில்லில் நெல் ஊறவைத்த தண்ணீர், நாற்றம் தாங்க முடியாத ஒரு வாய்க்காலாகக் கேட்டுக்குக் குறுக்கே ஓடி வெளியே போகும். அதற்குமேல் கல்பலகை போட்டிருந்தது. வலது பக்கத்துப் பலகை உடைந்து, அந்த இடம் கூழாகக் கிடந்தது. தெரிந்தவர்கள் இடது பக்கமாகத்தான் ஓட்டுவார்கள். பத்து வருஷமாக அந்த வழியில் ஓட்டிய குப்புராஜுக்குத் தெரியாமல் இருக்குமா?

திங்கட்கிழமை காலை, மில்லிலேயே தங்கிவிட்ட உபரிச் சக்கரத்தை எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லி, பட்டாள வண்டி உள்ளே போனது. சக்கரத்தை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, கேட்டின் இரண்டு தூணுக்கும் நடுவில், கணக்காக வலது பக்கம் ஏறியது. பின்சக்கரம் இறங்கியது. குப்புராஜ் முன்சக்கரத்தை இழுக்கவைக்கிற கியரைப் போடாமல், பின்சக்கரத்தை மட்டும் முறுக்கோ முறுக்கென்று முறுக்கினார். சேறு மாடி உயரம் தெறித்தது. சக்கரம் தானே குழி தோண்டி, வண்டி வயிறு தரையில் தட்டும்வரை உட்கார்ந்தது. அதற்கப்புறம்தான் முன்கியரையும் போட்டார். அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் ஒன்றுதான்.

காத்தவராயன் இறங்கி, வண்டியின் முகத்துக்கு நேரே நின்று, நாக்கை மடித்து மாட்டை விரட்டுகிற சத்தம் எழுப்பினான். இரண்டு தட்டுத் தட்டினான். பிறகு மணவாளனிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டான்.

"படுத்துக்கிச்சிங்க முதலாளி."

கேட்டுக்கு வெளியே நெல் வண்டிகள் சாலையின் வளைவு வரை நின்றன. உள்ளே அரிசி ஏற்றியவை வெளியே வர முடியவில்லை. வண்டிக்காரர்கள் இறங்கி வந்து, ஆளுக்கொரு யோசனை சொல்லத் தொடங்கினார்கள். மருமகன் டிராக்டரைக் கொண்டுவந்து மில் வடத்தைக் கட்டி இழுத்தார். வடம் அறுந்தது. இன்னொன்று கட்டினார்கள். அதுவும் அறுந்தது. டிராக்டர் சாலையோரத்தில் தன் பங்குக்கு ஒரு குழி தோண்டியது. இதற்குள் சின்னப்பையனும் வந்து சேர்ந்தார். யார் சொல்லி அனுப்பினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. வழக்கத்தைச் சொன்னார். சந்தைக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது, படுத்தது படுத்ததுதான் என்றார்.

மணவாளன் சேற்றையும், வண்டியையும், காத்தவராயனையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை. வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"சரிடா. வழக்கம்னா வழக்கம். வண்டிய நானே எடுத்துக்கறேன். அறுவட காசு வந்ததும் ஒன் பணத்த வாங்கிக்கோ. போ."

 இதைக் காத்தவராயன் யோசிக்கவே இல்லை. கயிற்றை வரவழைக்கத்தான் வண்டியைப் படுக்கவைத்தான், வண்டியே போய்விட்டால்? எருது இல்லை, வண்டி இல்லை, நாளைக்குத் தனகோடி வீட்டுக் கொல்லை. கிணறு. சுவர். வாயைத் திறந்தான். வார்த்தை வரவில்லை. எப்போதும் வார்த்தைக்குக் குறைவில்லாத வாய் அது.

அப்போது பின்னாலிருந்து அந்தப் பெரிய குரல் கேட்டது. கஞ்சித் தூக்கோடு வந்த முனியம்மா, வண்டிக்காரர்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"காசு வாணாங்க முதலாளி. மாட்டு வழக்கம்னா நாங்க குடுத்தத நீங்க குடுத்துடணும். எங்க செவலையும் மயிலையும் இங்க ஓட்டிகினு வாங்க. அதுங்க வந்து இந்த எடத்துல நின்னா, நாங்க வண்டிய வுட்டுட்டுப் போறோம்."

மணவாளனின் சிரிப்பு பாதியில் நின்றது. அந்த எருதுகளை அவர் கைக்கு வந்த மறுநாளே லாபத்துக்குத் தள்ளிவிட்டிருந்தார். வாங்கியவன் எந்த ஊர் என்று விற்றுக்கொடுத்த சின்னப்பையனுக்கே சரியாகத் தெரியாது. தரகர் தொண்டையைச் செருமி, அம்மா சொல்வது ஞாயம்தான் என்றார். வெயில் ஏறியது. வாய்க்கால் அடைபட்டு, ஊறல் தண்ணீர் மில்லுக்குள்ளேயே திரும்ப ஆரம்பித்தது.

 குப்புராஜ் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, யாருக்கும் சொல்லாத மாதிரி, கயிறு மட்டும் இருந்தால் எதிரே இருக்கிற புளியமரத்தில் மாட்டி, வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு எழுந்துவிடும் என்றார். இது மணவாளனுக்குத் தெரியாதது இல்லை. அவரே எத்தனையோ வயலில் அப்படி எழுப்பியிருக்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு தோட்டத்துக்கு ஆள் அனுப்பினார். கயிறு வந்தது. அதை உருளையில் முடுக்குகிற திருகாணியின் சூட்சுமம் அவருக்கும் குப்புராஜுக்கும்தான் தெரியும்; குப்புராஜ் இருக்கையை விட்டு இறங்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கால் சேற்றில் இறங்கி, தன் கையாலேயே மாட்டினார். மறுமுனை சாலையைத் தாண்டிப் புளியமரத்தின் அடியைச் சுற்றியது. குப்புராஜ் கம்பியைத் தள்ளினார். உருளை முனகியது. பட்டாள வண்டி, சேற்றிலிருந்து எருமை எழுந்திருப்பது போல, முதலில் முன்பக்கம், அப்புறம் பின்பக்கம் என்று அசைந்து அசைந்து எழுந்து சாலைக்கு வந்தது.

மணவாளன் கயிற்றைக் கழற்றக் குனிந்தார். காத்தவராயனுக்கு வாய் திரும்பிவிட்டது.

"முதலாளி, வித்த மாட்டுக்கு வித்தவரே மறுபடியும் கயிறு கட்டுனா, அத்த அவுக்கலாமாங்க? ஒரு பேச்சுக்குக் கேக்கறேன்."

சின்னப்பையன் ஒரு கணம் திகைத்தார். அப்படி ஒரு வழக்கத்தை அவர் பிறந்ததிலிருந்து கேள்விப்பட்டதில்லை. அவர் யோசிப்பதற்குள் தெள்ளார் வண்டிக்காரர் ஒருவர், கூடவே கூடாது, எங்கள் பக்கம் அப்படி அவிழ்த்தால் தொழுவத்துக்கே ஆகாது என்றார். அவர் விடிகாலையிலிருந்து வெயிலில் நிற்கிறார். கேட்டு திறந்தால் போதும் அவருக்கு. இன்னொருவர், தன் மாமனார் ஊரில் ஒருவர் அவிழ்த்து என்ன ஆனார் தெரியுமா என்று ஆரம்பித்தார். வரிசையில் நின்ற எல்லா ஊரிலும் அந்த வழக்கம் இருந்தது. ஐந்து நிமிஷத்துக்கு முன் பிறந்த வழக்கத்துக்கு அவ்வளவு சாட்சி எந்தக் கோர்ட்டிலும் கிடைக்காது.

மணவாளன் நிமிர்ந்தார். சேற்றுக் கையை வேட்டியில் துடைத்தார். காத்தவராயனை நன்றாகப் பார்த்தார்.

"எடுத்துகினு போடா. இனிமே என் கேட்டாண்ட படுக்காம பாத்துக்கோ."

திரும்பி வரும்போது காத்தவராயன் ஆரனை விடாமல் அடித்தான். முனியம்மா பின்னால், ஏற்றிவந்த உபரிச் சக்கரத்தின்மேல் உட்கார்ந்து கஞ்சித் தூக்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். 

மறுநாள் தனகோடி வீடு. வண்டி கொல்லைக்குள் போக வழியில்லாததால் தெருவிலேயே நின்றது. இரும்புக் கயிறு மட்டும் சந்து வழியாக நேராக உள்ளே போய்ப் பூவரசின் உச்சிக்கு ஏறியது. காத்தவராயன் கயிற்றைக் கட்டிவிட்டு மேலேயிருந்து பார்த்தான். முனியம்மா கிணற்றுக்கும் சுவருக்கும் நடுவில், தன் இடத்தில், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். பிடிக்க அவளுக்கு வடமே இல்லை. ஆனாலும் அங்கேதான் நின்றாள். பழக்கம்.

இறங்கி வந்து, சந்து முனைக்குப் போ என்றான். எதற்கு என்றாள். குப்புராஜுக்கு இங்கிருந்து சொன்னால் கேட்காது, சந்து வாயில் நின்று குரல் கொடுக்க ஆள் வேண்டும், ஊரில் அவ்வளவு பெரிய குரல் வேறு யாருக்கு என்றான். அதற்குத் தனகோடி போகட்டுமே என்றாள். தனகோடிக்குக் குரலா இருக்கிறது, அவர் பேசினால் அவருக்கே கேட்காது என்றான். இன்னும் நாலு காரணம் சொன்னான். கோடாலியை மட்டும் தூக்கவில்லை. அவள் அவனையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போனாள்.

அவன் வெட்டினான். நேரம் வந்ததும் கை காட்டினான். சந்து வாயிலிருந்து, இழு என்று அவள் குரல் தெருவுக்கே கேட்டது. கயிறு விறைத்தது. அடிமரம் ஒரு முறை சொடுக்கியது. பூவரசு கொட்டகையை விட்டு மெல்ல நிமிர்ந்து, யோசித்து, இந்தப் பக்கம் திரும்பி, கிணற்றுக்கும் சுவருக்கும் நடுவில் தலைவைத்துப் படுத்தது. ஓடு ஒன்றுகூட அசையவில்லை.

தூசி அடங்கியதும் முனியம்மா உள்ளே வந்தாள். அவள் இரண்டு கையும் வடத்தைப் பிடித்த மாதிரியே மூடியிருந்தன.

"இவ்ளோதானா?" என்றாள். ஏமாந்தவள் குரலில்தான் கேட்டாள். பிறகு தான் நின்ற இடத்தைப் பார்த்தாள். அங்கே இப்போது இலையும் கிளையும் ஒரு ஆள் உயரத்துக்குக் கிடந்தன. பூவரசம்பூ ஒன்று கிணற்றுக் கல்லின்மேல் உருண்டது. 

"இத்த மொதல்லியே சொல்றதுக்கு ஒனக்கு இன்னாய்யா கேடு?"

"இன்னாத்த?" என்று கேட்ட காத்தவராயன், முகத்தைத் திருப்பிக்கொண்டு, கோடாலியைக் காணோம் என்று கிளைகளுக்குள் தேட ஆரம்பித்தான். அது அவன் கையில்தான் இருந்தது.